எல்லாம் ஹைட்ரஜன் செய்தது

சிவகாசியில் குடிதண்ணீர் குடத்தில் வந்துகொண்டிருந்த காலம். ஊற்றில் காத்துக் கிடந்து, இறைத்து, தலையில் சுமந்து வந்து எங்கள் கம்பெனிப் பானையில் ஊற்றுவாள் ஒரு அம்மாள். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை நிரப்பி, அதற்கு மேலும் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியாமல் அது விளிம்புக்கு மேலே உப்பி நிற்பதை எதிரே இருப்பவருக்குக் காட்டாமல் எங்கள் கெமிஸ்ட் குடித்ததில்லை. "பாருங்க, ஒண்ணோட கையை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்பார். பிறகு டம்ளரைத் தூக்குவார். கால்வாசி மேசையில் கொட்டும். கொண்டுவந்த அம்மாள் நனைந்த மேசையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் ஒரு நாளாவது அவள் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

எங்களுடையது தீப்பெட்டிக் கம்பெனி. அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி திருச்சிப் பக்கத்திலிருந்து அவரை வரவழைத்திருந்தார். நான் அவருக்கு உதவியாள். மதுரையில் ரசாயனம் படித்து முடித்துவிட்டு, விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்குப் பாரமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மருந்து புழங்கும் இடத்தில் பொம்பளப் பிள்ளையை வைக்க மாட்டேன் என்று முதலாளி சொன்னபோது, "ரசாயனத்துக்கு ஆணும் பெண்ணும் ஒண்ணுதான்" என்று சொல்லி எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். இந்த ஒரு நன்றிக்கடன் இல்லாதிருந்தால் அவரைத் திட்டுவது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

என் வேலை குச்சி உரசுவது. ஒவ்வொரு தடவை மருந்து முக்கிக் காய்ந்து வரும் குச்சிகளிலும் ஒரு கைப்பிடி எடுத்து, ஒவ்வொன்றாக உரசி, எது பற்றுகிறது, எது தலை உதிர்கிறது, எது புகைந்து சாகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் உரசிக்கொண்டே இருப்பேன், அவர் பேசிக்கொண்டே இருப்பார். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஹைட்ரஜனில் வந்து நிற்பார்.

"ஹைட்ரஜன்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு எலக்ட்ரான், மிஸ். அது போய் ஆக்சிஜனோட குடும்பம் நடத்துது. ஆக்சிஜன் பெரிய இழுவைக்காரன். அந்த ஒரு எலக்ட்ரானையும் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிறான். ஹைட்ரஜன் பாதி அம்மணமா நிக்குது. சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுல ஒரு ஆக்சிஜன் இருந்தா அதைப் போய்த் தொட்டுக்கிட்டு நிக்குது. தண்ணி தண்ணியா இருக்கிறது அதனாலதான். பசை ஒட்டுறது அதனாலதான்." இதைச் சொல்லும்போது அவருடைய நீண்ட விரல்கள் காற்றில் ஒன்றையொன்று தேடிப் போய்த் தொடும். கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் எனக்கு விளங்காத விஷயத்தை அவர் பத்து நிமிஷத்தில் விளங்க வைத்தார். அதை நான் மறுக்க மாட்டேன். அவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்த மனிதர் இப்படி இருந்தாரே என்பதுதான் என் ஆத்திரம்.

அவர் பேச்சைக் கொஞ்ச நாள் கூர்ந்து கேட்டபோது ஒன்று பிடிபட்டது. அதில் அணுக்களுக்குத்தான் கையும் காலும் ஆசையும் அவசரமும். பிடிப்பது, விடுவது, பறிப்பது, காத்திருப்பது எல்லாம் அவை. அவர் மட்டும் எதையும் செய்வதே இல்லை. அவர் கையிலிருந்து குடுவை நழுவி உடைந்தால் "கண்ணாடி சூடு தாங்கல" என்பார். அவர் கலக்கிய பசை திரிந்தால் "அதுக்குள்ள ஹைட்ரஜன் இடம் மாறிடுச்சு" என்பார். ஆனால் கூட்டிப் பெருக்கும் முனியம்மாள் ஒரு சோதனைக் குழாயை உடைத்தபோது, "முனியம்மா உடைச்சுட்டா" என்றுதான் சொன்னார். அங்கே கண்ணாடியின் குணம் எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கட்டை அடுக்கும் பெண்களுக்கு மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. சட்டத்தில் குச்சிகளைச் செருகும் வேலை அது. விரல் நுனி மரத்துப்போயிருக்கும். ஒருநாள் அவர்களில் ஒருத்தி தூக்குவாளியைத் திறந்த நேரத்தில் இவர் அந்தப் பக்கம் போனார். நின்றார். கஞ்சி ஏன் சூட்டில் தண்ணீராக இருக்கிறது, ஆறினால் ஏன் கெட்டியாகிறது என்று ஆரம்பித்துவிட்டார். மாவுச்சத்தின் இழைகள் சூட்டில் விலகி நிற்குமாம், ஆறும்போது ஹைட்ரஜன் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்துக்கொள்ளுமாம். தூக்குவாளியை அவள் கையிலிருந்து வாங்கிச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்.

"ஐயா, மணி அடிச்சுருவாக. ஒரு வாய் குடிச்சுக்கிறேனே" என்றாள் அவள்.

"இரும்மா, இதைக் கேட்டுக்கோ, உனக்கு உபயோகப்படும்" என்றார்.

மணி அடித்தது. அவர் தூக்குவாளியை அவளிடம் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்துவிட்டார். அவள் மூடியைத் திருகிக்கொண்டு கட்டைக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்து ஒருத்தி, செத்துப்போன அம்மாவின் கருமாதிக்கு விடுப்புக் கேட்டுக் கடிதம் கொண்டுவந்தாள். எழுதத் தெரியாதவள். யாரிடமோ கெஞ்சி எழுதி வாங்கியிருந்தாள். அவர் அந்த நேரம் என்னிடம், காகிதம் ஏன் காய்ந்தால் உறுதியாகவும் நனைந்தால் சோறாகவும் ஆகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் பிடிப்பு முழுக்க ஹைட்ரஜனுடையது, தண்ணீர் நடுவில் நுழைந்து இரண்டு பக்கத்துக் கையையும் தான் பிடித்துக்கொள்ளும், இழைகள் தனித்தனியாகிவிடும். பேசிக்கொண்டே அவள் நீட்டிய கடிதத்தை வாங்கி, மேசையிலிருந்த தண்ணீர்த் தட்டில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலால் தூக்கினார். அது இரண்டாகப் பிய்ந்து வந்தது. "பார்த்தீங்களா மிஸ்?" என்று சிரித்தார். பிறகுதான் அது என்ன காகிதம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. "இன்னொண்ணு எழுதிட்டு வாம்மா" என்றார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இனி கிளிசரின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

தீக்குச்சித் தலையில் மருந்தைப் பிடித்து வைப்பது வஜ்ரப் பசை. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது அளவுக்கு மீறிக் காய்ந்து, தலை வெடித்து, பெட்டிக்குள்ளேயே உதிரும். அந்த வருஷம் கெமிஸ்ட் பசையில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தார். தலை வெடிக்கவில்லை, உதிரவில்லை, பார்க்கவும் பளபளவென்று இருந்தது. நான் உரசிய குச்சிகள் ஒன்று விடாமல் பற்றின. முதலாளி ஆய்வறைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். கோடை லோடெல்லாம் வறண்ட ஊர்களுக்கே போனது. எங்கிருந்தும் குறை வரவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாடசாமி அண்ணன். மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளை அடுக்கி, கணப்பு மூட்டி, காய்ந்ததா என்று பார்த்துக் பெட்டியில் அடைத்துக் கட்டுவதற்கு அனுப்புவது அவர் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். பண்ணை வேலையிலிருந்து கம்பெனிக்கு வந்தவர். அவருடைய அண்ணன் எம். புதுப்பட்டியில் பட்டாசு மருந்து கலக்கும் கொட்டகையில் கருகிச் செத்தவர். அந்தப் பிரேதத்தைத் தூக்கிய நாளிலிருந்து மருந்து கலக்கும் வேலைக்கு மட்டும் போவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். எங்கள் காய்ச்சல் அறைதான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தலை காய்ந்ததா என்று பார்க்க அவர் ஒரு குச்சியை எடுத்து மேலுதட்டில் வைப்பார். காய்ந்திருந்தால் ஒட்டாது. வேறு கருவி அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மழை தொடங்கிய இரண்டாவது வாரம் ஆய்வறை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, நேத்துக் காஞ்ச தலை இன்னைக்கு உதட்டுல ஒட்டுது. மறுபடி கணப்புல வச்சாக் காயுது. வெளிய எடுத்து ஒரு பொழுது போனா அம்புட்டும் பழையபடி நசநசங்குது. இருபது வருசத்துல இப்பிடிப் பார்த்ததில்ல."

நான் அவரைக் கெமிஸ்டிடம் அழைத்துப் போனேன். அதே வார்த்தைகளை அவர் மறுபடியும் சொன்னார். நானும், "சார், கிளிசரின் ஈரத்தை இழுக்கிறதா இருக்கலாம்" என்றேன். கெமிஸ்ட் என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண்ணில் ஏதோ ஓடியது. அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"மழைக்காலம் மிஸ். எல்லாம்தான் நசநசக்கும்" என்றார். மாடசாமி அண்ணனிடம், "கணப்பைக் கூட்டி வைப்பா" என்றார்.

கணப்பைக் கூட்டி வைத்தார். லோடும் போனது. மலையாளத்துக்குப் போன பெட்டிகள் கார்த்திகையில் அப்படியே திரும்பி வந்தன. உரசினால் தலை பற்றவில்லை, களிம்பாக இழுத்தது. முதலாளி எங்கள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை நிறையத் திரும்பி வந்த பெட்டிகள்.

"என்ன சார் இது? இம்புட்டு நாள் சம்பாதிச்ச பேரு ஒரே லோடுல போச்சே" என்றார் முதலாளி.

"தலை காயல முதலாளி. காயாமக் கட்டியிருக்காங்க" என்றார் கெமிஸ்ட்.

அவ்வளவுதான் பதில். கஞ்சிக்கும் காகிதத்துக்கும் டம்ளர் தண்ணீருக்கும் அரை மணி நேரம் பேசுகிறவர், அந்த அறையில் ஹைட்ரஜன் என்ற வார்த்தையை உச்சரிக்கவே இல்லை. மாடசாமி அண்ணன் வாயைத் திறந்தார். "நான் ரெண்டு வாட்டி சொன்னேன் முதலாளி..." என்பதற்குள், "ஏலே, இருபது வருசம் இருந்துட்டு ஈர லோடு அனுப்பிட்டயே" என்று முதலாளி எழுந்துவிட்டார். கெமிஸ்ட் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானமே மாடசாமி அண்ணனை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தினார். ஈர லோடு அனுப்பியவன் என்ற பேரோடு வருகிறவனைச் சிவகாசியில் வேறு எந்தத் தீப்பெட்டிக் கம்பெனியும் காய்ச்சல் அறைக்குள் விடாது. மிச்சமிருந்தது பட்டாசுக் கம்பெனிதான். அங்கே ஆள் கேட்டது மருந்து கலக்கும் கொட்டகைக்கு மட்டும்.

மறுநாள் ஆய்வறை அலமாரியில் கிளிசரின் டப்பாவைக் காணவில்லை. பசை பழைய முறைக்கே திரும்பியிருந்தது. நான் கேட்காமலே கெமிஸ்ட் சொல்ல ஆரம்பித்தார். கிளிசரினில் மூன்று ஆக்சிஜன், ஒவ்வொன்றிடமும் ஒரு பாதி அம்மண ஹைட்ரஜன். காற்றில் போகிற ஈரத்தை எல்லாப் பக்கமும் கை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். வெயில் நாளில் பசையை இளக வைத்துக் காப்பாற்றியதும் அந்தக் கைதான், மழை நாளில் ஈரத்தை உள்ளே இழுத்து விட்டதும் அந்தக் கைதான். "என்ன அழகு பாருங்க மிஸ்!" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"சார், இதை முதலாளிகிட்டச் சொன்னீங்களா?" என்றேன்.

"அவருக்கு ஹைட்ரஜன் புரியாது மிஸ்."

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. கெமிஸ்ட் அடுத்த வாரம் ஒருநாள் திருச்சிக்குப் போனார். மறுநாள் காலை நான் முதலாளியை ஆய்வறைக்குக் கூப்பிட்டேன். தராசின் ஒரு தட்டில் அகலமான கிண்ணத்தில் நான் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வாங்கி வந்த கிளிசரின், மறு தட்டில் அதே மாதிரிக் கிண்ணத்தில் நல்லெண்ணெய். முள் நடுவில் நிற்பதை அவருக்குக் காட்டினேன். "சாயங்காலம் வந்து பாருங்க முதலாளி" என்றேன். சன்னலைத் திறந்து வைத்தேன். நாள் முழுக்கத் தூறல். சாயங்காலம் அவர் வந்து பார்த்தபோது கிளிசரின் தட்டு கீழே இறங்கியிருந்தது.

"யாரும்மா தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தல முதலாளி. காத்துல இருந்து தானா இழுத்துக்கிட்டது. காஞ்ச குச்சியும் பெட்டிக்குள்ள இதைத்தான் செஞ்சிருக்கு. மாடசாமி அண்ணன் காயப் போட்டது சரிதான்."

"அப்ப எண்ணெய் ஏன் இழுக்கல?" என்று கேட்டார் முதலாளி. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் குடையை மடக்கும் சத்தம். கெமிஸ்ட் ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருந்தார். தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கோபப்படுவார் என்று நினைத்த எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நல்ல கேள்வி முதலாளி!" என்று ஆரம்பித்தார். எண்ணெயிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. ஆனால் அது கார்பனோடு இருப்பது. கார்பன் இழுவைக்காரன் இல்லை. அங்கே ஹைட்ரஜனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை, அதனால் அது யாரிடமும் கை நீட்டாது. குச்சியை ஊற வைக்கிற மெழுகு தண்ணீரோடு சேராததும் அதனால்தான். கிளிசரினில் கதையே வேறு. விரல்கள் காற்றில் தேடித் தேடித் தொட்டன. முதலாளிக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மாடசாமி சொன்னது நெசந்தானா?"

"நிஜந்தான் முதலாளி."

"அப்ப யாரு மேல சார் தப்பு?"

"யார் மேலயும் தப்பு இல்ல. அது கிளிசரினோட குணம்" என்றார் கெமிஸ்ட்.

முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். கோடையில் அந்தக் கையைப் பிடித்துப் பாராட்டியவர் அவர்தானே. என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றார். கெமிஸ்ட் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த புன்னகை.

"ஆமா முதலாளி" என்றேன்.

மாடசாமியைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கதவருகே போய் மெதுவாகக் கேட்டேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சேம்மா. தப்புப் பண்ணாதவன எப்பிடிப் போகச் சொல்றது?" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மாடசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் திங்கள்கிழமை. அவர் புதுப்பட்டிக் கொட்டகையில் சேர வேண்டிய நாள். அவர் மனைவி எனக்குப் பாய் விரித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தராசு, எண்ணெய், கிளிசரின், காற்றின் ஈரம் எல்லாம். நன்றாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. பாதியில் கவனித்தேன், என் விரல்களும் காற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாடசாமி அண்ணன் கடைசி வரை கேட்டார். எழுந்து உள்ளே போனார். கொடியில் கிடந்த சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப எப்ப வரச் சொன்னாக, தாயி?"

வரச் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"தப்பு எம் மேல இல்லன்னு அவுகளே சொல்லிட்டாகளா?"

"சொல்லிட்டாங்க அண்ணே."

"பெறகு யாரு மேலயாம்?"

"யாரு மேலயும் இல்லைன்னுட்டாங்க."

அவர் சட்டையைக் கழற்றினார். அவர் மனைவிதான் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"யாரு மேலயும் தப்பில்லன்னா நான் யாரு கால்ல போயி விழுறது தாயி? விடியங்குள்ள போயி விழுந்துட்டு வாறேன். ஒரு பேரச் சொல்லுங்க, போதும்."

எனக்கு ஒரு பெயர் தெரியும். அந்தப் பெயர் அன்று என் வாயில் வரவில்லை. இவ்வளவு எழுதியும் இன்னும் வரவில்லை.